மலைச்சரிவும் வரைபடமும்

பூகர்ப்ப சாஸ்திரம் கற்றவன் ஒருவன் ஊருக்குள் வந்திருக்கிறான் என்று தெரிந்தால், கிணறு வெட்ட எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று ஒருவரும், மலையில் தங்கம் உண்டா என்று இன்னொருவருமாக வந்து கேட்பது நம் நாட்டு வழக்கம். என் உத்தியோக வாழ்வின் பெரும்பகுதி அவ்விரண்டையும் தேடுவதில் கழியவில்லை. நீலகிரி மலையில் எந்தச் சரிவு என்றேனும் ஒரு மழைநாளில் பெயர்ந்து இறங்கக்கூடும், எது தன் இடத்தில் நிலைத்து நிற்கும் என்பதை நேரில் நடந்து பார்த்து, வர்ணங்களால் குறித்துப் படம் வரைவதே எனக்கு வாய்த்த தொழில். தாதுவைக் காட்டும் படத்தை எல்லோரும் ஆவலோடு விரித்துப் பார்க்கிறார்கள். அபாயத்தைக் காட்டும் படத்தில் தம்முடைய நிலம் இருப்பதைக் காண ஒருவரும் விரும்புவதில்லை. இந்தத் தொழிலின் சிரமம் மலையேற்றத்தில் பாதி என்றால், மற்றப் பாதி இந்த விருப்பமின்மையில்தான் இருக்கிறது.

நான் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில், 1978-ஆம் ஆண்டு நவம்பரிலும் மறு ஆண்டு அதே மாதத்திலும் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பிரதேசங்களில் ஏற்பட்ட மண்சரிவுகளின் தழும்புகள் இன்னும் பச்சை மூடாமல் கிடந்தன. அந்த இரண்டு ஆண்டுகளின் அழிவே, மலையை முறையாக ஆராய்ந்து பகுதி பிரிக்க வேண்டும் என்ற எண்ணத்தை அரசாங்கத்துக்கு உண்டாக்கிற்று. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டி. என். சேஷகிரி, எஸ். பத்ரிநாராயணன் முதலியோர் ஆராய்ந்து, 1982-இல் நீலகிரிச் சரிவுகளைப் பற்றி வெளியிட்ட நூலே பின்வந்த எங்களுக்கெல்லாம் தொடக்கப் பாடமாக அமைந்தது. நீலகிரியின் அடிப்பாறை சார்னோக்கைட் என்னும் கருநீலப் பாறை. அதன் உறுதியில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் எத்தனையோ லட்சம் ஆண்டுகளாக மழையும் வெப்பமும் அதன் மேற்பரப்பைச் சிதைத்துச் சிதைத்து, சில இடங்களில் 40 மீட்டர் ஆழம் வரை செம்மண்ணாகவும், அதன் கீழே இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்த வழவழப்பான களிமண்ணாகவும் மாற்றியிருக்கின்றன. சாய்த்து வைத்த பலகையின் மேல் போட்ட கனத்த கம்பளியைப் போல இந்த மண் பாறையின் மேல் படிந்திருக்கிறது. உலர்ந்திருக்கும் வரையில் அசையாது. நனைந்து கனத்தபின் அதைப் பிடித்து நிறுத்துவது எதுவுமில்லை.

வேலை தொடங்குவது மேஜையின் மேல்தான். இந்திய நில அளவைத் துறையின் 58ஏ வரிசைப் படங்களை விரித்து, சமஉயரக் கோடுகளைப் படித்து, முகட்டுக்கும் ஓடைக்கும் இடைப்பட்ட ஒரே திசையில் ஒரே அளவாய்ச் சாய்ந்த பரப்பு ஒவ்வொன்றையும் தனித்தனிச் சரிவுமுகமாகப் பிரித்து எண்ணிடுவோம். விமானத்திலிருந்து எடுத்த இரட்டைப் புகைப்படங்களைச் சிறிய கண்ணாடிக் கருவியின் கீழே வைத்துப் பார்த்தால், மலை மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். முன்பு எப்போதோ சரிந்து, இப்போது தேயிலை மூடிவிட்ட இடம் கூட, குடைந்தெடுத்த அரைவட்டமாகக் கண்ணுக்குப் புலப்படும். அதற்குப் பின் சுத்தியல், திசைகாட்டி, சாய்வுமானி, அளவுநாடா, குறிப்பேடு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அட்டைப்பூச்சிகளுக்கு உப்பும் புகையிலையும் கட்டிக்கொண்டு, எண்ணிட்ட சரிவுமுகங்களை ஒவ்வொன்றாக நடந்து பார்க்க வேண்டும். நின்று பார்க்கத் தெரிந்தவனுக்கு மலை பல விஷயங்களைச் சொல்லும். அடிமரம் வளைந்து நுனி மட்டும் நேராக நிமிர்ந்த மரங்கள் வரிசையாக நின்றால், அங்கே மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிறைவடிவத்தில் வெடித்த தரை, ஒரு பக்கம் சாய்ந்த மின்கம்பம், சுவரில் மூலைவிட்டமாய் ஓடும் விரிசல், திறந்தால் மூட மறுக்கும் கதவு, நேற்று வரை வறண்டிருந்த இடத்தில் புதிதாய்க் கசியும் ஊற்று ஆகிய ஒவ்வொன்றும் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டிய சாட்சியமே.

சாட்சியங்களைச் சேகரித்தபின் மதிப்பெண் போட வேண்டும். இதற்கென இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1998-இல் ஒரு விதிமுறையை வெளியிட்டது. பாறையின் தன்மைக்கு 2, அதன் பிளவுகள் அமைந்த விதத்துக்கு 2, சாய்வின் அளவுக்கு 2, நிலப்பயன்பாட்டுக்கு 2, உயர வேறுபாட்டுக்கு 1, நிலத்தடி நீரின் நிலைக்கு 1 என்று மொத்தம் 10 மதிப்பெண். 45 பாகைக்கு மேற்பட்ட செங்குத்துச் சரிவு சாய்வின் கணக்கில் முழு 2-ஐயும் பெறும். 15 பாகைக்கு உட்பட்டது அரை மதிப்பெண்ணோடு நின்றுவிடும். நீர் ஓடிக்கொண்டிருந்தால் 1, சொட்டினால் 0.8, ஈரமாயிருந்தால் 0.5, வறண்டிருந்தால் சைபர். ஆறையும் கூட்டி வரும் தொகை 3.5-க்குக் குறைந்தால் மிகக் குறைந்த அபாயம், 7.5-க்கு மேற்பட்டால் மிக உயர்ந்த அபாயம் என ஐந்து தரங்கள். பள்ளிப் பரீட்சையில் அதிக மதிப்பெண் பெற்றவன் தேறுகிறான். இந்தப் பரீட்சையில் அதிக மதிப்பெண் பெற்ற சரிவு சிவப்பு வர்ணம் பெறுகிறது.

விதிமுறை நல்லதுதான், பத்துப் பேர் பத்து விதமாகத் தீர்ப்புச் சொல்லாமல் ஒரே அளவுகோலால் அளக்க அது வழிசெய்தது. ஆயினும் அது பெரும்பாலும் இமயமலையின் அனுபவத்தில் விளைந்தது என்பதை நீலகிரியில் நடந்த ஒவ்வொரு நாளும் உணர்ந்தேன். பயிர் செய்யும் நிலத்துக்கும் மக்கள் வாழும் சமநிலத்துக்கும், அடர்ந்த காட்டுக்குக் கொடுப்பதைக் காட்டிலும் குறைந்த மதிப்பெண்ணே அதில் விதிக்கப்பட்டிருக்கிறது. பயிர் செய்யும் நிலம் பெரும்பாலும் மட்டமாகவே இருக்கும், மட்டமான நிலம் சரியாது என்பது அதன் தர்க்கம். முப்பது பாகைச் சரிவில் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் எங்கள் மலைக்கு அந்தத் தர்க்கம் எப்படிப் பொருந்தும்? வேரூன்றிய சோலையை வெட்டிவிட்டு, மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்து, மழைநீர் முழுவதையும் மண்ணுக்குள் இறங்க விட்ட நிலத்துக்குக் காட்டைவிட நல்ல சான்றிதழ் வழங்க என் மனம் ஒப்பவில்லை. அத்தகைய இடங்களில் விதிப்படி போட்ட மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே என் அபிப்பிராயத்தையும் தனியே எழுதி வைப்பது என் வழக்கமாயிற்று. அன்றியும், அந்தப் பத்து மதிப்பெண்ணும் சரிவின் இயல்பைச் சொல்வனவே ஒழிய, அதைத் தூண்டிவிடும் மழையையோ, அடிவாரத்தைத் தோண்டும் பொக்லைன் இயந்திரத்தையோ கணக்கில் சேர்ப்பதில்லை. பத்தில் ஒன்று மட்டுமே பெற்ற நீரே நீலகிரியில் பத்துக்கு ஒன்பது சரிவுகளுக்கு அதிகாரி என்று சொன்னால், என்னோடு மலையேறிய எவரும் மறுக்கமாட்டார்கள்.

நீரைப் பற்றிய பாடத்தை எனக்குப் புத்தகங்களைவிடத் தெளிவாகச் சொன்னவர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று அவருடையது. பதுளைப் பக்கத்து மலைகளில் பிறந்து வளர்ந்தவர். அவர்கள் குடியிருப்புக்கு மேலே இருந்த ஊற்றைப் பற்றி நான் விசாரித்தபோது, கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "தொரை, ஊத்துத் தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் பயமில்லைங்க. அது கலங்கி வந்தாலும் பயம். மழை பேஞ்சுக்கிட்டு இருக்கிறப்பவே பட்டுன்னு நின்னாலும் பயம். அன்னைக்கு ராத்திரி லயத்துல ஒருத்தரும் படுக்க மாட்டோம். புள்ளைங்களத் தூக்கிக்கிட்டுக் கோயில் மேட்டுக்குப் போயிருவோம்." இதில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ சாஸ்திரத்துக்கு இடமில்லை. ஊற்று கலங்கினால் மண்ணின் உட்பகுதி கரைந்து வெளியேறுகிறது. ஊற்று நின்றால் வழி அடைபட்டு, உள்ளே நீரின் அழுத்தம் ஏறுகிறது. மண்ணின் துகள்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருக்கும் பலத்தை அந்த அழுத்தம் குறைத்துவிடுவதால்தான் சரிவு நேருகிறது. கோயில் மேடு பாறை வெளியே தெரியும் முகட்டில் இருந்தது; அவர்கள் தேர்ந்தெடுத்த புகலிடத்தைவிடச் சிறந்ததை நான் அந்தத் தோட்டத்தில் காணவில்லை. அன்று முதல் எந்த ஊருக்குச் சென்றாலும், படகர் ஊரான ஹட்டியிலானாலும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலானாலும், வயது முதிர்ந்தவர்களிடம் ஊற்றுகளின் சரித்திரத்தைக் கேட்டறிந்த பிறகே சாய்வுமானியை வெளியே எடுத்தேன்.

அபாயப் படத்துக்கு அஸ்திவாரம் பழைய சரிவுகளின் ஜாபிதா. முன்பு சரிந்த இடமும், அதே மண்ணும் அதே சாய்வும் கொண்ட பக்கத்து இடமும் மறுபடி சரியும் என்பதே இந்த சாஸ்திரத்தின் முதல் அனுமானம். அந்த ஜாபிதாவைத் தயாரிக்க நெடுஞ்சாலைத் துறையின் பழுதுபார்த்த கணக்குகளும், மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை ரயில்பாதையில் மண் அகற்றிய குறிப்புகளும் எங்களுக்கு உதவின. பழைய தோட்டங்களில் நாள் தவறாமல் மழையளவு எழுதிவைத்த பதிவேடுகள் அவற்றையெல்லாம்விடப் பெறுமதியுள்ளவை. நீண்ட நாள் சிறுமழையில் மண் நிரம்பியபின் ஒரே இரவில் பெருமழை கொட்டினால் சரிவு நிகழ்கிறது என்பதை அந்தப் பதிவேடுகளையும் ஜாபிதாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் எளிதில் கண்டுகொண்டார்கள். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை பெயர்ந்து, சாலையையும் இருப்புப்பாதையையும் சிதைத்து, வீடுகளை மூடிப் பலரைப் பலிகொண்டபோதும் இதே கிரமத்தில்தான் மழை பெய்திருந்தது. பர்லியாற்றுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட அந்த மலைமுகத்தில் சாலையும் ரயில்பாதையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிவை வெட்டிச் செல்கின்றன. ஒவ்வொரு வெட்டும் மேலுள்ள மண்ணின் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது.

படம் தயாரானபின் நேர்ந்ததைச் சொல்லாவிட்டால் இந்த அனுபவம் பூர்த்தியாகாது. தமிழ்நாட்டில் மலையிடப் பாதுகாப்புக் குழு 1990-இல் அமைக்கப்பட்டு, குறிப்பிட்ட மலைக்கிராமங்களில் மனை பிரிக்கவோ கட்டிடம் எழுப்பவோ அதன் இசைவு வேண்டும் என்றானபின், எங்கள் படங்களைப் பார்க்க வருவோர் பெருகினர். ஒரு நாள் பிற்பகலில், ஓடை ஒன்றின் தலைப்பில் மனை வாங்கியிருந்த பெரியவர் ஒருவர் மிக்க மரியாதையோடு வந்து அமர்ந்து, பத்திரம், பட்டா, புலப்படம் யாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டு, "சார், எல்லாம் சுத்தமான ரிக்கார்டு. உங்க படத்துல மட்டும் என் இடம் சிவப்பா இருக்கு. அந்தக் கலரை ஆரஞ்சா மாத்திக் குடுத்தா லோன் வந்துடும்" என்றார். அவருடைய புலப்படத்தையே எடுத்து, மனையின் நடுவே ஓடையைக் குறிக்கும் கோடு செல்வதைக் காட்டி, "ஐயா, கலரை நான் மாற்றலாம், தண்ணீரை யார் மாற்றுவது?" என்று கேட்டேன். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் அந்த வழியை முந்தைய உரிமையாளர் மண் கொட்டித் தூர்த்து மட்டமாக்கியிருந்தார். நீலகிரியில் மனைக்காக வெட்டிய மண் இறுதியில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஓடைதான். தடுப்புச் சுவர் கட்டுகிறவர்களும் சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேற விட்ட துளைகளைப் பூசி மெழுகிவிடுகிறார்கள். வெளிப்பார்வைக்கு அழகாயிருக்கும் அந்தச் சுவர், முதல் பெருமழையில் நீரின் பாரத்தைத் தாங்காமல் மொத்தமாகக் கவிழ்கிறது.

பிற்காலத்தில் கண்ணாடிக் கருவிக்குப் பதிலாகச் செயற்கைக்கோளின் படங்களும், கணினியில் அடுக்கடுக்காய்ப் பதியும் முறையும் வந்தன. 2014-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, சரிவு நேரக்கூடிய சுமார் 4.3 லட்சம் சதுர கிலோமீட்டர் மலைநிலம் முழுவதையும் 1:50,000 அளவில் படமாக்கும் தேசியப் பணியைத் தொடங்கிற்று. ஒரு தலைமுறை நடந்து சேர்த்ததை ஒரு பருவத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இக்கருவிகள் சௌகரியம் அளித்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் தரையில் அரை கிலோமீட்டர் ஆகும். ஒரு முழு ஊரும் அதன் கோயிலும் ஓடையும் அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். மாவட்டத்தில் எந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும் என்று அது சொல்லும். எந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லாது. அதற்கு ஊரளவிலான பெரிய படம் தேவை. அதை வரைய மறுபடியும் கால்களே வேண்டும். படத்துக்கு வேறோர் எல்லையும் உண்டு. அந்தத் தேசியப் பணிக்கு முன்பே, 2009 நவம்பர் 10-ஆம் தேதியோடு முடிந்த ஒரே நாளில் கேத்தியில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி, மாவட்டமெங்கும் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, மிதமான அபாயம் என்று வர்ணமிட்ட இடங்களும் சரிந்தன. அத்தகைய மழைக்கு முன் மிதம் என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. மாவட்ட நிர்வாகம் இன்று 283 இடங்களை அபாயகரமானவை என்று குறித்துப் பருவமழைக்கு முன் கண்காணிப்பது, இத்தகைய ஆண்டுகள் கற்பித்த பாடத்தின் பயனே.

இந்தப் படங்கள் சொல்லாத இன்னொரு விஷயத்தைப் பக்கத்து வயநாடு நமக்குக் காட்டிற்று. 2024 ஜூலை 30-ஆம் தேதி விடியுமுன், வெள்ளரிமலையில் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் பெயர்ந்த மண்ணும் பாறையும் மரமும், புன்னப்புழா ஆற்றின் வழியே ஏறக்குறைய 8 கிலோமீட்டர் பாய்ந்து முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்தன. மாண்டவர்கள் சரிவு தொடங்கிய இடத்தில் வாழ்ந்தவர்கள் அல்லர். மட்டமான ஆற்றோரத்தில், தம் காலடி உறுதியென்று நம்பி உறங்கியவர்கள். அதே மலையில் முண்டக்கை 1984-லும், புத்துமலை 2019-லும் சரிவைக் கண்டவை. சரிவு எங்கே தொடங்கும் என்று மட்டும் சொல்லும் படம் பாதிப் படமே. சரிந்தது எவ்வழியே ஓடி எங்கே போய் நிற்கும் என்பதையும் எழுதினால்தான் அது முழுமை பெறும்.

படமும் எச்சரிக்கையும் இருந்தும் உயிர்கள் போன இடமும் உண்டு. இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியாபெத்தையில் இருந்த தோட்ட லயங்களைத் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் அபாயகரமானவை என்று அறிவித்திருந்தது. 2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலையில் மலை இறங்கி லயங்களை மூடிற்று. இடம்பெயருங்கள் என்று சொல்வது சுலபம். நாள் கூலியில் வாழும் தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாதபோது அவன் எங்கே பெயர்வான்? மாற்று நிலத்தைக் காட்டாமல் அபாய நிலத்தை மட்டும் காட்டும் படம் ஏழையின் பயத்தைத்தான் அதிகமாக்கும். அவன் உயிரைக் காக்காது.

இப்போது படத்தோடு மழைக்கணிப்பையும் சேர்த்து முன்னறிவிப்புத் தரும் முயற்சி நடைபெறுகிறது. நீலகிரியும் டார்ஜிலிங்கும் அதற்குச் சோதனைக் களங்களாயின. கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் 2024-இல் தொடங்கப்பட்டது. மிகவும் வரவேற்கத் தக்க காரியம். ஆனால் அந்த அறிவிப்பு மாவட்டத் தலைநகரம் வரை வந்து நின்றுவிடாமல் லயத்துக்கும் ஹட்டிக்கும் இரவோடிரவாகச் சென்று சேர வேண்டும். சென்று சேர்ந்தபின், எங்கே போவது என்று அங்குள்ளவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவும் வேண்டும்.

அபாயப் படம் அலுவலகப் பீரோவில் பூட்டி வைப்பதற்காக வரையப்பட்டதன்று. ஒவ்வொரு மலை ஊராட்சியும் தன் எல்லைக்குரிய பகுதியைப் பெரிதாக்கி, ஓடைகளையும் ஊற்றுகளையும் புகலிடத்தையும் தமிழில் குறித்து, ஜனங்கள் கூடும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதைப் படிக்கக் கற்பிக்க வேண்டும். மலையில் மனை வாங்க நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த மனையின் புலப்படத்தை வாங்கி ஓடைக் கோடு எங்கே செல்கிறது என்று பாருங்கள், பெருமழை பெய்த மறுநாள் ஒருமுறை நேரில் சென்று நில்லுங்கள், அக்கம்பக்கத்து முதியவர் ஒருவரிடம் இங்கே தண்ணீர் எப்படிப் போகும் என்று கேளுங்கள். மூன்றுக்கும் செலவாவது ஒரு நாள் மட்டுமே.